பார்மசி ஏன்? விண்ணப்பத்தில் கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயாரிக்கும் முறை

பார்மசி படிக்க விண்ணப்பிக்கும்போது எங்காவது ஓர் இடத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: "இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" சில இடங்களில் கடிதமாக எழுதித் தரச் சொல்வார்கள். சில இடங்களில் நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான். வருகிற பதில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "சிறு வயது முதலே மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கி, "மருந்து மனித உயிரைக் காக்கிறது" என்று நடந்து, "கடினமாக உழைப்பேன்" என்று முடியும்.

அந்த முதல் வரியை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். அதற்குப் பின்னால் 'பார்மசி' வரும் இடத்திலெல்லாம் 'ஆசிரியர் பணி' என்றோ 'தீயணைப்புத் துறை' என்றோ போடுங்கள். வரி அப்படியே பொருந்தும். அடுத்து 'டாக்டர்', 'நர்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். முழுக் கடிதமும் ஒரு கீறல்கூட விழாமல் பொருந்திவிட்டால், நீங்கள் இன்னும் பார்மசியைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்மாற்றுச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் உரைகல் இதுதான்.

படி 1: உள்ளதை உள்ளபடி எழுதிப் பாருங்கள்

இருபது நிமிடம், ஒரு தாள். பார்மசி பக்கம் உங்களைத் தள்ளிய எல்லாக் காரணங்களையும் எழுதுங்கள். வெளியே சொல்லக் கூச்சமானவற்றையும் சேர்த்துத்தான். "மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லை." "வீட்டில் சொன்னார்கள்." "வேலை கிடைத்துவிடும் என்றார்கள்." "வேதியியலில் மார்க் நன்றாக வரும்." "ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும்." இந்தத் தாளை யாரிடமும் காட்டப் போவதில்லை. அதனால் நல்ல பிள்ளையாக வேடம் போட வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் கீழே "அதனால்?" என்று இரண்டு முறை கேளுங்கள். "வேதியியல் பிடிக்கும்" என்ற வரியை எடுப்போம். அதனால்? "மூலக்கூறில் சின்ன மாற்றம் செய்தால் பொருளின் குணமே மாறுவது பிடிக்கும்." அதனால்? "ஒரே வலிநிவாரணி மாத்திரையாகவும் தோலில் தடவும் ஜெல்லாகவும் இருக்கிறதே, இரண்டும் உடம்பில் எப்படி வெவ்வேறாகப் போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை." மூன்றாவது வரி வந்ததும் நீங்கள் வேதியியலை விட்டு பார்மசிக்குள் கால் வைத்துவிட்டீர்கள். மருந்துக்கு வடிவம் கொடுக்கும் பாடம் அது. கடிதத்துக்கு வேண்டியது இந்த மூன்றாவது வரி. முதல் வரி எல்லோரிடமும் இருக்கிறது.

மருத்துவப் படிப்பு கிடைக்காமல் இங்கே வருபவர்கள் நிறைய. அது குற்றம் இல்லை. கடிதத்தில் அதைத் தானாகச் சொல்லத் தேவையில்லை, கேட்டால் மறைக்கவும் தேவையில்லை. ஆனால் "அது கிடைக்கவில்லை" என்பது நீங்கள் அங்கிருந்து கிளம்பிய காரணம் மட்டுமே. இங்கே வந்து சேர்ந்ததற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். இரண்டு முறை "அதனால்?" கேட்டும் அது கிடைக்காவிட்டால், எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பார்க்காத வேலையின் மீது ஆசை வராது.

படி 2: வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள்

ஒரு மருந்தகத்தில் அனுமதி கேட்டு, குறைந்தது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். ஒன்று கூட்டம் மொய்க்கும் நேரமாகவும் மற்றது ஓய்ந்த நேரமாகவும் இருக்கட்டும். மருத்துவமனை மருந்தகத்தையும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது; அங்கே வேலையின் முகமே வேறு. கையில் சின்ன நோட்டு இருக்கட்டும். நோயாளியின் பெயர், அடையாளம், இன்னாருக்கு இன்ன நோய் என்பது எதுவும் அதில் ஏறக் கூடாது. ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுங்கு. அதை மீறிய ஒரு வரி கடிதத்தில் இருந்தால், மற்ற வரிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

எதைக் குறிக்க வேண்டும்? மருந்து கொடுக்கும் முன் மருந்தாளுநர் என்னென்ன கேள்வி கேட்கிறார்; எதற்காக டாக்டருக்குப் போன் செய்கிறார்; யாருக்கு எதை மறுக்கிறார், மறுத்துவிட்டு என்ன சொல்கிறார்; கேட்ட மருந்து ஸ்டாக் இல்லாதபோது என்ன செய்கிறார்; லேபிளில் எழுதியதை வாயாலும் சொல்கிறாரா.

வெளியிலிருந்து பார்த்தால் சீட்டை வாங்கி, அலமாரியிலிருந்து எடுத்து, பையில் போட்டுக் கொடுப்பது போலத்தான் தெரியும். உண்மையான வேலை நடுவில் சில நொடிகளில் தலைக்குள் நடக்கிறது. நோயாளியின் வயது என்ன, எடை என்ன, ஒவ்வாமை உண்டா, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு இது மோதுமா, இந்த அளவு இந்த நோய்க்குப் பொருந்துமா, இத்தனை நாளுக்கு ஏன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டில் கை தவறி 'தினமும்' என்று விழுந்து, அது யார் கண்ணிலும் படாமல் போனால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அந்த 'தினமும்' கண்ணில் பட்டு, பையை மூடாமல் போனை எடுக்கிறாரே, அதுதான் மருந்தாளுநரின் வேலை. நோட்டில் எழுத வேண்டியதும் அப்படிப்பட்ட இடங்களைத்தான்.

இன்னொரு காட்சி, சின்னக் கணக்கோடு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் என்றால் 180 மி.கி. சிரப் இரண்டு வீரியத்தில் வருகிறது: 5 மி.லி.யில் 120 மி.கி. இருப்பது ஒன்று, 5 மி.லி.யில் 250 மி.கி. இருப்பது மற்றொன்று. முதலாவதில் 7.5 மி.லி. கொடுக்க வேண்டும், இரண்டாவதில் 3.6 மி.லி. போதும். போன முறை 7.5 மி.லி. கொடுத்துப் பழகிய தாய், இந்த முறை வீரியம் கூடிய பாட்டிலை வாங்கிப் போய் அதே 7.5 மி.லி.யை ஊற்றினால் குழந்தை வயிற்றுக்குள் போவது 375 மி.கி., அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மருந்தும் சரி, நோயும் சரி, தாயின் அக்கறையும் சரி. பாட்டில் மட்டும் மாறிவிட்டது. "வீட்டில் ஏற்கெனவே சிரப் இருக்கிறதா? அதில் என்ன போட்டிருக்கிறது?" என்று மருந்தாளுநர் கேட்கும் கேள்வி வெட்டிப் பேச்சாகத் தோன்றும். அதன் விலை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பிடிக்காததையும் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நூறாவது சீட்டையும் முதல் சீட்டைப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். வரிசையில் நிற்பவர் கோபப்படுவார். தன்னைவிட மூத்த டாக்டரைக் கூப்பிட்டு, "இந்த அளவை ஒரு முறை சரிபார்க்க முடியுமா?" என்று பணிவாகவும் விடாமலும் கேட்க வேண்டியிருக்கும். இதெல்லாம் பார்த்த பிறகும் வேலை பிடித்திருந்தால் பயமில்லை. பிடிக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது லாபம். கவுன்ட்டர் ஒத்துவராதவர்களுக்கு இந்தத் துறையில் வேறு வாசல்களும் உண்டு: உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, மருந்து ஒழுங்குமுறை, சந்தைக்கு வந்த பின் பக்கவிளைவுகளைக் கண்காணித்தல், ஆராய்ச்சி, கற்பித்தல்.

படி 3: ஒரே ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள்

பத்து மருந்துகளைப் பற்றி மேலோட்டமாகத் தெரிந்திருப்பதைவிட ஒன்றைக் குடைந்து தெரிந்திருப்பது மேல். ஒரு வாரம் போதும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தகவல் தாளை எடுத்து முழுதாகப் படிப்பதிலிருந்து தொடங்கலாம். அந்தப் பொடி எழுத்துத் தாளை ஆசையோடு படிக்க முடிகிறதா என்பதே ஒரு நல்ல சோதனை.

கேட்க வேண்டிய கேள்விகள் ஆறு. இது உடம்பில் என்ன செய்கிறது? ஏன் இந்த வடிவத்தில் வருகிறது? அளவை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? யாருக்குக் கூடாது? எப்படிச் சேமிக்க வேண்டும்? மக்கள் எங்கே தவறுகிறார்கள்?

இன்சுலினில் பொருத்திப் பார்க்கலாம். அது புரதத்தால் ஆனது. விழுங்கினால் சோற்றைச் செரிப்பது போல வயிறும் குடலும் அதையும் செரித்துவிடும்; அதனால்தான் ஊசி. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் உறைபனி அறையில் வைத்து உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. திறந்த பின் பெரும்பாலான வகைகள் அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். அளவு மி.கி.யில் இல்லை, யூனிட்டில். சீட்டில் 'யூனிட்' என்று முழுதாக எழுதாமல் ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் கிறுக்கினால், அது சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். அதனால்தான் அந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு குப்பிக்குள் உயிர்வேதியியல், மருந்து வடிவமைப்பு, சேமிப்பு, கணக்கு, கையெழுத்துப் பிழை எல்லாம் அடங்கியிருப்பதைப் பாருங்கள். இதில் எந்த இடத்தில் உங்களுக்கு ஆர்வம் கூடுகிறதோ, கடிதத்தின் நடுப்பகுதி அங்கிருந்து வர வேண்டும். உறைந்தால் ஏன் கெடுகிறது என்று தேடிப் போகிறவருக்கும், நோயாளி ஏன் ஊசியைத் தவிர்க்கிறார் என்று கேட்கிறவருக்கும் ஒரே படிப்புதான். எழுதப்போகும் கடிதங்கள் வேறு வேறு.

படி 4: "அப்படியானால் டாக்டர் ஆகலாமே?"

இந்தக் கேள்வி வந்தே தீரும். மூன்று வாக்கியங்களில் பதில் தயாராக இருக்க வேண்டும். டாக்டரைக் குறைத்துப் பேசி பார்மசியை உயர்த்துவது மிக மோசமான பதில். இருவரும் ஒரே நோயாளியை வேறு வேறு முனையிலிருந்து பார்க்கிறார்கள். டாக்டர் உடம்பிலிருந்து தொடங்கி நோய்க்கு வந்து மருந்தில் முடிக்கிறார். மருந்தாளுநர் மருந்திலிருந்து தொடங்குகிறார்: இது இவர் உடம்பில் என்ன ஆகும், இவர் வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவார், இதோடு வேறெதைச் சாப்பிடுகிறார். உங்கள் நோட்டில் இந்த இரண்டாவது வகைக் குறிப்புகள் அதிகமாக இருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்கைச் சொல்லி, "அவர் போல நானும் மருந்தாளுநராகி..." என்று எழுதுகிறார்கள். அவர் மருந்தாளுநர் அல்ல, நுண்ணுயிரியல் அறிஞர். 1960-இல் விண்ணப்பிக்கப்பட்ட, கருவில் இருந்த குழந்தைகளுக்குக் கை கால் குறைபாடு உண்டாக்கியதாகப் பின்னால் தெரியவந்த தாலிடோமைடு மருந்துக்கு, போதிய சான்று இல்லை என்று சொல்லி அமெரிக்காவில் அனுமதி கொடுக்காமல் நிறுத்திய ஃபிரான்சிஸ் கெல்சியைக் காட்டுவது இன்னும் பொருத்தம்தான். ஆனால் அவர் மருந்தியல் வல்லுநர், மருத்துவர். மருந்தியல் என்பது மருந்து உடம்பில் வேலை செய்யும் விதத்தை ஆராயும் அறிவியல். பார்மசி படிப்பில் அது ஒரு பாடம். இந்த வேறுபாடு தெரியாமல் பெயரைப் போட்டால், நேர்காணலில் முதல் அடி அங்கேதான் விழும்.

வரலாறு வேண்டும் என்று நினைத்தால் 1937-ஐப் படியுங்கள். அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை எளிதாகக் குடிக்கும் திரவமாக்க, டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். கொன்றது மருந்து அல்ல, அதைக் கரைத்த திரவம். மறு ஆண்டே, புதிய மருந்தை விற்கும் முன் அதன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. துணைப்பொருள் என்று யாரும் கண்டுகொள்ளாத ஒன்றைக் கவனிக்கும் தொழில் எது என்று கேட்டால், சொல்மாற்றுச் சோதனையில் பார்மசி மட்டும்தான் தேறும்.

படி 5: எழுதுங்கள்

வரம்பு எத்தனை சொல் என்று முதலில் பாருங்கள். 500 சொல் என்று வைத்துக்கொண்டால் பங்கீடு இப்படி வரலாம்: தொடக்கக் காட்சிக்கு 80, அதிலிருந்து நீங்கள் தேடித் தெரிந்துகொண்டதற்கு 150, வேலையை நேரில் பார்த்து அறிந்ததற்கு 130, உங்கள் படிப்பும் பழக்கங்களும் இதற்கு எப்படி ஒத்துவருகின்றன என்பதற்கு 90, மிச்சம் எந்தப் பக்கம் போக விருப்பம் என்பதற்கு. கடைசிப் பகுதியில் "நான் கண்டிப்பாக ஆராய்ச்சியாளர் ஆவேன்" என்று ஆணியடிக்க வேண்டாம். இப்போதைக்கு எது இழுக்கிறது, ஏன் என்று சொன்னால் போதும்.

வழக்கமாக வரும் தொடக்கம் இது:

"என் பாட்டி நோயுற்றிருந்தபோது மருந்தாளுநர் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். அன்றே நானும் மருந்தாளுநர் ஆக முடிவு செய்தேன்."

அதே பாட்டி, அதே மருந்தாளுநர். இப்படியும் எழுதலாம்:

"பாட்டி தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் காலைக் காபியோடு ஒன்றாக விழுங்கிவந்தார். மருந்தாளுநர் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் பிரித்தார். தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, கால்சியம் நான்கு மணி நேரம் கழித்து. கால்சியம் குடலில் தைராய்டு மருந்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்று பிறகு படித்தேன். சரியான மருந்தைச் சரியான அளவில் சாப்பிட்டும் பலன் குறைய முடியும் என்பது எனக்குப் புதிது."

இரண்டாவதில் 'அன்பு' என்ற சொல்லே இல்லை, ஆனால் அக்கறை தெரிகிறது. எழுதியவர் வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. மருந்தாளுநர் இருந்த இடத்தில் வேறு தொழிலைப் போட்டால் காட்சி தளர்ந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பல இடங்களில் இருக்கிறது. அதைவிட, உங்கள் பாட்டி வேறு மாத்திரைதான் சாப்பிட்டிருப்பார்.

அடுத்து, உங்கள் குணங்களைச் சொல்லும் இடம். "நான் பொறுப்பானவன், கவனமானவன்" என்பதை அடித்துவிட்டு, கவனம் தேவைப்பட்ட ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தபோது மூன்று அளவீடுகள் ஒத்துவராமல், பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி இருப்பதைக் கண்டுபிடித்தது போதும். சின்ன விஷயம்தான். மருந்து தயாரிப்பவருக்கு அந்தக் குமிழிதான் பெரிய விஷயம்.

படி 6: கெட்டுப்போகும் இடங்கள்

தெரியாமல் தவறான பழக்கத்தைப் பெருமையாக எழுதிவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. "நண்பனுக்குக் காய்ச்சல் வந்தபோது என்னிடம் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து உதவினேன்." எழுதியவருக்கு இது இரக்கம். படிப்பவருக்கு இதில் மூன்று தவறுகள்: ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது, சீட்டு இல்லாமல் இன்னொருவருக்குப் போனது, ஒவ்வாமை உண்டா என்று கேட்கவில்லை. மருந்து சம்பந்தமாக நீங்கள் செய்ததாக எழுதும் ஒவ்வொரு செயலையும், தெரிந்த ஒரு மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

கணக்குத் தவறு அடுத்தது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது, 500 மி.கி. மாத்திரையில் அது எட்டு. சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் தெரியாமலே அந்த எல்லையைத் தாண்டிவிடலாம், தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு. இப்படி ஒரு எண்ணைக் கடிதத்தில் போட்டால் அலகை இரண்டு முறை பாருங்கள். கிராமும் மி.கி.யும் மாறினால் ஆயிரம் மடங்கு தவறு. வேறு படிப்புக்கான விண்ணப்பத்தில் எழுத்துப்பிழையாகப் போயிருக்கும். இங்கே அப்படிப் போகாது.

மற்றவை சில்லறை. பழமொழியோடு தொடங்குவது, சம்பளத்தை முதல் காரணமாகச் சொல்வது, ஒரே கடிதத்தை நான்கு இடத்துக்கு அனுப்பி ஒன்றில் வேறொரு கல்லூரியின் பெயரை விட்டுவிடுவது.

படி 7: நேர்காணலுக்கு வாய்விட்டுப் பழகுங்கள்

தாளில் இருப்பது வாயில் வராது. இரண்டு சூழல்களை யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள்.

ஒன்று: சீட்டில் உள்ள அளவு அதிகமாகத் தோன்றுகிறது. நீங்களே குறைத்துக் கொடுப்பேன் என்றால் தவறு. டாக்டர் எழுதியதைக் கொடுத்துவிடுவேன் என்றாலும் தவறு. கொடுக்காமல் நிறுத்தி, நம்பகமான நூலில் அளவைச் சரிபார்த்து, நோயாளியிடம் எடை, பிற மருந்துகள் பற்றிக் கேட்டு, எழுதிய டாக்டரை அழைத்துப் பேசி, முடிவை எழுதிவைப்பது என்ற வரிசை வர வேண்டும்.

இரண்டு: சீட்டு இல்லாத ஒருவர் தூக்க மாத்திரை கேட்டுக் கெஞ்சுகிறார். "சட்டப்படி முடியாது" என்று ஒற்றை வரியில் கதவைச் சாத்துகிறவரை யாரும் எடுக்க மாட்டார்கள். கொடுத்துவிடுகிறவரையும் எடுக்க மாட்டார்கள். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டு, மறுப்பதற்குக் காரணம் சொல்லி, யாரிடம் போக வேண்டும் என்று வழி காட்டி, பேச்சில் தற்கொலை எண்ணம் தென்பட்டால் தனியே போகவிடாமல் உடனே உதவிக்கு ஆள் அழைப்பது வரை சொல்ல முடிய வேண்டும்.

அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் அதை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் "இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டால் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாத வரியைத்தான் அவர்கள் கேட்பார்கள். அன்று இரவே அதைப் படித்துவிடுங்கள்.